ரிகவரா, ரீபவுண்டா, ரிகூப்பா: மீண்டு வருவதை ஆங்கிலத்தில் எந்தச் சொல்லால் சொல்வது?

புண் ஆறும். நோயாளி தேறுவார். கடனில் மூழ்கியவர் மீள்வார். அடகு வைத்த நகையை மீட்பார்கள். இந்த நான்கு வினைகளைத் தமிழில் யாரும் இடம் மாற்றிப் போடுவதில்லை. ‘நோயாளி ஆறினார்’ என்று ஒரு குழந்தைகூடச் சொல்லாது. ஆங்கிலத்தில் எழுத உட்கார்ந்தால் மட்டும் நான்குக்கும் ‘ரிகவர்’ ஒன்றையே போட்டுவிடுகிறோம். அல்லது அகராதியில் அதற்குப் பக்கத்தில் கிடக்கும் வேறொரு சொல்லை அழகுக்காக எடுத்துவிடுகிறோம். விடுப்புக் கடிதத்தில் ‘ரீபவுண்ட்’ வருகிறது, துக்கம் கேட்டு அனுப்பும் செய்தியில் ‘பவுன்ஸ் பேக்’ வருகிறது. படிக்கிறவருக்கு உறுத்துகிறது, ஏன் என்று அவருக்கும் சொல்லத் தெரியாது.

இந்தச் சொற்களுக்குள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க மூன்று கேள்விகள் போதும். அடிபட்டது எது: உடம்பா, மனமா, பணமா? மீட்சி முடிந்துவிட்டதா, இன்னும் நடக்கிறதா? பழைய நிலைக்கே திரும்பியாயிற்றா, பாதி வழிதான் வந்திருக்கிறதா? மூன்றாவது கேள்வியைத்தான் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. அதிகத் தவறு நடப்பதும் அங்கேதான்.

மீண்டதும் மீட்டதும்

‘ரிகவர்’ என்ற ஒரே வினை ஆங்கிலத்தில் மீள்வதற்கும் மீட்பதற்கும் சேர்த்து உழைக்கிறது. தமிழில் மீண்டான், மீட்டான் என்று வினையே மாறிவிடுகிறது. ஆங்கிலத்தில் அந்த வேலையைச் செய்வது ‘ஃப்ரம்’ என்ற சின்ன முன்னிடைச்சொல். ‘த கம்பெனி ரிகவர்ட் ஃப்ரம் இட்ஸ் லாஸஸ்’ என்றால் நிறுவனம் நஷ்டத்திலிருந்து மீண்டது. போன பணம் போனதாகவே இருக்கலாம், இப்போது தொழில் நன்றாக நடக்கிறது, அவ்வளவுதான். ‘ஃப்ரம்’ இல்லாமல் ‘த கம்பெனி ரிகவர்ட் இட்ஸ் லாஸஸ்’ என்றால் விட்ட பணத்தையே திரும்பப் பிடித்துவிட்டது. ஒரு அறிக்கையில் இந்த ஒரு சொல் விடுபட்டால் கணக்கே மாறிப்போகும்.

‘ஃப்ரம்’ இல்லாமல் நேரே ஒரு செயப்படுபொருளை எடுக்கும் ரிகவர் எப்போதும் கைவிட்டுப் போன ஒன்றைத் திரும்பக் கைக்குக் கொண்டுவருவது. அழிந்துபோன கோப்பு, திருட்டுப்போன பொருள், வராக்கடன், நீதிமன்றத்தில் கேட்கும் இழப்பீடு எல்லாவற்றுக்கும் அது பொருந்தும். நீரில் மூழ்கியவரின் உடலை எடுத்தார்கள் என்ற செய்தியிலும் ‘த பாடி வாஸ் ரிகவர்ட்’ என்றுதான் எழுதுவார்கள். அதனால்தான் காய்ச்சலிலிருந்து எழுந்தவரைப் பற்றி ‘ஹி வாஸ் ரிகவர்ட்’ என்று எழுதும்போது ஆங்கிலம் நன்கு பழகிய காதுக்குப் பகீர் என்கிறது. மீட்டெடுத்த உடல் என்ற நிழல் அந்த வாக்கியத்தின்மேல் விழுந்துவிடுகிறது.

சரியான வடிவம் ‘ஹி ஹேஸ் ரிகவர்ட்’. ‘ஐ ஆம் ஃபுல்லி ரிகவர்ட்’ என்பதும் புழக்கத்தில் உள்ளதுதான், அதில் ‘ரிகவர்ட்’ ஒரு பெயரடைபோல நிற்கிறது. ‘காட் ரிகவர்ட்’ மட்டும் எங்கும் செல்லாது. ‘டாக்டர் அவரைக் குணப்படுத்தினார்’ என்பதை ‘த டாக்டர் ரிகவர்ட் ஹிம்’ என்று எழுதக்கூடாது. தேறுவது நோயாளியின் வேலை, இன்னொருவர் அவரைத் தேற்றுவதை இந்த வினை சொல்லாது. அங்கே ‘ட்ரீட்டட்’ அல்லது ‘க்யூர்ட்’ வேண்டும். ‘ரிகவர் பேக்’ என்று ‘பேக்’ சேர்ப்பதும் வீண், முன்னால் நிற்கும் ‘ரி’ அந்த வேலையைச் செய்துவிட்டது. ‘ரீபவுண்ட் பேக்’ என்பதற்கும் இதேதான்.

பெயர்ச்சொல்லாக்கினால் ‘ரிகவரி’. அதனோடு சேரும் வினை ‘மேக்’: ‘ஷி மேட் எ ஃபுல் ரிகவரி’. வாழ்த்தில் ‘ஸ்பீடி ரிகவரி’ என்பதே பழகிய சேர்க்கை. ‘ஃபாஸ்ட் ரிகவரி’ இலக்கணப் பிழை இல்லை, ஆனால் விளையாட்டு வீரரின் தசைக் களைப்பு நீங்குவதைப் பற்றிப் பேசுவதுபோல ஒலிக்கும். உச்சரிப்பில் அழுத்தம் இரண்டாம் அசையில், ரி-‘க’-வர். முதல் அசையை நீட்டி ‘ரீ-கவர்’ என்றால் அது வேறு சொல்: சோபாவுக்குப் புது உறை தைத்துப் போடுவது. எழுத்தில் அதற்கு நடுவே ஒரு சிறுகோடு உண்டு.

ஆள் தேறுகிறார், புண் ஆறுகிறது

தமிழ் இங்கே நேரடியாகக் கைகொடுக்கிறது. ஆறுவதெல்லாம் ‘ஹீல்’: புண், வெட்டு, தையல், முறிந்த எலும்பு, மனக்காயம். தேறுவது ‘ரிகவர்’: முழு ஆள். ‘மை வூண்ட் ஹேஸ் ரிகவர்ட்’ என்பது ‘என் புண் தேறிவிட்டது’ என்பதைப் போலவே விநோதம். நோயை அடியோடு இல்லாமல் செய்வது ‘க்யூர்’, அதற்குப் பின்னால் வருவது ‘ஆஃப்’: ‘க்யூர்ட் ஆஃப் டிபி’. அங்கே ‘ஃப்ரம்’ போடுவது நம்மிடம் மிகப் பரவலான பிழை.

புற்றுநோயில் மருத்துவர்கள் ‘க்யூர்ட்’ என்ற சொல்லை எளிதில் எடுப்பதில்லை. நோயின் அடையாளங்கள் குறைந்தாலோ மறைந்தாலோ ‘ரிமிஷன்’ என்பார்கள். பாதி குறைந்திருந்தாலும் அது ‘பார்ஷியல் ரிமிஷன்’ ஆகிவிடும். உறவினர்கள் அதைக் ‘குணமாகிவிட்டது’ என்று மொழிபெயர்த்து மற்றவர்களுக்குச் சொல்லிவிடுகிறார்கள். ‘நோய் அடங்கியிருக்கிறது’ என்பதே நெருங்கிய தமிழ்.

படுத்து எழும் காலத்துக்கு இரண்டு சொற்கள்

‘ரெக்கூப்பரேட்’, ‘கான்வலெஸ்’ இரண்டும் ஓய்வெடுத்து உடம்பைத் தேற்றிக்கொள்ளும் காலத்தைச் சொல்பவை. ரிகவரும் ரெக்கூப்பரேட்டும் ஒரே லத்தீன் வேரான ‘ரெகுபெராரே’யிலிருந்து வந்தவை. முன்னது பிரெஞ்சு வழியாகத் தேய்ந்து வந்தது, பின்னது லத்தீன் உருவத்தோடு அப்படியே வந்தது. அந்தப் பழைய வாசனைதான் ரெக்கூப்பரேட்டுக்குக் கொஞ்சம் மரியாதைத் தொனி கொடுக்கிறது.

பொருளில் உள்ள வேறுபாடு நுணுக்கமானது, ஆனால் பயன்படும். ரிகவர் முடிவைச் சொல்ல வல்லது, மற்ற இரண்டும் முக்கியமாகக் காலத்தையே சொல்கின்றன. எனவே ‘ரெக்கூப்பரேட்டிங் அட் ஹோம்’ என்று இடத்தோடு சேர்த்துத் தொடர்வினையில் எழுதினால் இயல்பாக அமரும். அறுவைச் சிகிச்சை முடிந்து இரண்டு வாரம் வீட்டில் இருப்பவருக்கு அது சரியான அளவு. கடுமையான பயணத்துக்குப்பின் ஒருநாள் படுத்துக் கிடப்பதற்கும் ரெக்கூப்பரேட் செல்லும். கான்வலெஸ் இன்னும் நீளமானது: நோயின் உச்சம் போய்விட்டது, ஆனால் உடம்பில் தெம்பு ஏறவில்லை, வாரக்கணக்கில் மெல்ல மெல்லத் தெளிகிற காலம். மூன்று நாள் சளிக்குக் கான்வலெஸ் போட்டால் மிகையாகத் தெரியும். பேச்சில் அது ஏறக்குறைய வருவதே இல்லை. இந்தச் சொல்லைப் பலர் முதலில் கண்டது 2020-இல் ‘கான்வலெசென்ட் பிளாஸ்மா’ என்ற தொடரில். கோவிட் நோயிலிருந்து தேறியவர்களின் ரத்தத்திலிருந்து பிரித்த பிளாஸ்மாவுக்கு அது பெயர்.

இவற்றோடு ‘ரிகூப்’பைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஒலி ரெக்கூப்பரேட் போல இருந்தாலும் வேர் வேறு: வெட்டுதல் என்று பொருள்படும் பிரெஞ்சு வினையிலிருந்து வந்தது. அது பணத்துக்கே உரியது. போட்ட முதல், ஆன செலவு, விட்ட நஷ்டம் ஆகியவற்றைத் திரும்ப எடுப்பது ‘ரிகூப்’. ‘ரிகூப் மை ஹெல்த்’ என்று எழுதாமல் இருப்பது நல்லது. ராணுவப் புரட்சியைக் குறிக்கும் ‘கூ’ என்ற சொல்லில் கடைசி எழுத்தை ஒலிக்கமாட்டார்கள். அதைப் பார்த்துச் சிலர் இதையும் ‘ரிகூ’ என்கிறார்கள். இதில் ‘ப்’ ஒலிக்க வேண்டும்.

துள்ளி எழுவது: பவுன்ஸ் பேக்கும் ரீபவுண்டும்

இரண்டிலும் தரையில் பட்டுத் துள்ளும் பந்து இருக்கிறது. எனவே இரண்டுக்கும் வேகம் வேண்டும். ஆறு மாதம் படுக்கையில் கிடந்து எழுந்தவரை ‘பவுன்ஸ்ட் பேக்’ என்றால் அவர் பட்ட பாட்டை நாம் காணவில்லை என்று ஆகிவிடும். அங்கே ரிகவர்தான் சரி.

பவுன்ஸ் பேக் பேச்சு வழக்குக்கு உரியது, உற்சாகமானது, பெரும்பாலும் ஆளுக்கோ அணிக்கோ வருவது. தோல்வி, வேலை இழப்பு, நேர்முகத் தேர்வில் கிடைத்த நிராகரிப்பு போன்றவற்றுக்கு நன்றாகப் பொருந்தும். விளையாட்டில் இதையும் ‘கம்பேக்’கையும் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒரே ஆட்டத்தில் 0-2 என்று பின்தங்கி 3-2 என்று வென்றால் அது கம்பேக். போன வாரம் தோற்ற அணி இந்த வாரம் வென்றால் அது பவுன்ஸ் பேக். ஓய்வு பெற்ற வீரர் மறுபடி களத்துக்கு வந்தால் அதுவும் கம்பேக்தான். துள்ளி எழும் இந்தத் திறனுக்கு ‘பவுன்ஸ்பேக்கபிலிட்டி’ என்றே ஒரு சொல் உண்டு. 2004-இல் கிரிஸ்டல் பேலஸ் கால்பந்து அணியின் மேலாளர் இயன் டவி அதைப் பரப்பினார், பிறகு அகராதியிலும் ஏறிவிட்டது. இருந்தாலும் விளையாட்டுப் பக்கத்துக்கு வெளியே அதைக் கொண்டுபோக வேண்டாம்.

‘பேக்’ விட்டுப்போனால் பொருள் தலைகீழாகும். செக் பவுன்ஸ் ஆவது நமக்குத் தெரியும், மின்னஞ்சல் பவுன்ஸ் ஆவதும் அதே வகை. சேரவேண்டிய இடத்தில் சேராமல் திரும்புவது அது.

ரீபவுண்டுக்கு முகம் பல. எண்களுக்கு அது மிகப் பொருத்தம்: விலை, விற்பனை, ஏற்றுமதி, பயணிகள் எண்ணிக்கை. வினையாக வரும்போது அழுத்தம் இரண்டாம் பாதியில், பெயராக வரும்போது முதல் பாதியில். கடந்த காலம் ‘ரீபவுண்டட்’. புத்தகத்துக்கு மறுபடி பைண்டிங் போட்டால் வரும் ‘ரீபவுண்ட்’ எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தாலும் வேறு சொல்.

மருத்துவத்தில்தான் இந்தச் சொல் பெரிய பள்ளம். பொதுப் பேச்சில் ரீபவுண்ட் ஆவது நல்ல செய்தி, மருத்துவத் தாளில் கெட்ட செய்தி. அங்கே துள்ளி எழுவது நோய். மூக்கடைப்புக்கு அடிக்கும் ஆக்சிமெட்டசோலின் ஸ்ப்ரேயை மூன்று நாளுக்குமேல் அடிக்கவேண்டாம் என்று அட்டையில் போட்டிருப்பதற்குக் காரணம் ‘ரீபவுண்ட் கன்ஜெஷன்’. அதிக நாள் அடித்தால் மருந்தின் வேகம் தணிந்ததும் முன்னைவிட மோசமாக மூக்கு அடைக்கும். ரத்த அழுத்தத்தைக் குறைக்கும் குளோனிடின் மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் ரத்த அழுத்தம் எகிறுவதும் ‘ரீபவுண்ட்’தான். வலி மாத்திரைகளை மாதத்தில் பல நாள் விழுங்குவதால் வரும் தலைவலிக்கும் அதே பெயர். வயிற்றை மெல்ல அழுத்திச் சட்டென்று கையை எடுக்கும்போது வலித்தால் ‘ரீபவுண்ட் டெண்டர்னஸ்’ என்று எழுதுவார்கள், குடல்வால் அழற்சி போன்றவற்றைச் சந்தேகிக்க அது ஒரு குறி. ஆகவே நோயாளியின் நிலையைப் பற்றி எழுதும்போது ‘த பேஷண்ட் ரீபவுண்டட்’ என்ற வாக்கியத்தையே தவிர்த்துவிடலாம். படிப்பவர் மருத்துவராக இருந்தால் நீங்கள் சொன்னதற்கு எதிர்மாறாகப் புரிந்துகொள்ள வாய்ப்புண்டு.

பின்னால் ‘ஆன்’ சேர்ந்தால் இன்னொரு பொருள். ‘இட் ரீபவுண்டட் ஆன் ஹிம்’ என்றால் அவன் செய்த வினை அவனையே திரும்பித் தாக்கியது. ‘ஆன் த ரீபவுண்ட்’ என்றால் ஒரு காதல் முறிந்த சூடு ஆறுவதற்குள் இன்னொருவரிடம் சாய்வது. தொழில் அறிக்கையில் ‘வி ஆர் ஆன் த ரீபவுண்ட்’ என்று எழுதுபவருக்கு இது தெரிந்திருந்தால் நல்லது.

பாதி ஏற்றத்தை முழு மீட்சி என்று சொல்லிவிடாமல்

மூன்றாவது கேள்விக்கு இங்கேதான் வேலை. ஒரு விலை 100-லிருந்து 50-க்கு விழுகிறது, பிறகு 50 சதவீதம் ஏறுகிறது. விழுந்ததும் 50 சதவீதம், ஏறியதும் 50 சதவீதம், எனவே சரியாகிவிட்டது என்று தோன்றும். கணக்குப் போட்டால் விலை 75. பழைய 100-ஐத் தொட 100 சதவீதம் ஏற வேண்டும். 20 சதவீதம் விழுந்தால் 25 சதவீதம் ஏற வேண்டும், 80 சதவீதம் விழுந்தால் 400 சதவீதம். 75-இல் நிற்கும் விலையை ‘ரீபவுண்டட்’ என்று எழுதலாம், ஏனென்றால் அது திசையை மட்டும் சொல்கிறது. ‘ரிகவர்ட்’ என்று நிறுத்தினால் பொய்யாகும். ‘ரிகவர்ட் ஹாஃப் ஆஃப் இட்ஸ் லாஸஸ்’ என்று அளவோடு எழுதினால் சரி.

‘ராலி’ இன்னும் ஒருபடி எச்சரிக்கையான சொல். சோர்ந்திருந்தது திடீரெனத் தலைதூக்குகிறது, நிலைக்குமா என்பதற்கு அது பொறுப்பேற்காது. சந்தை சரிவின் நடுவே வரும் தற்காலிக ஏற்றத்துக்கு ‘பேர் மார்க்கெட் ராலி’ என்று பெயர். உயரத்திலிருந்து விழுந்தால் செத்த பூனையும் கொஞ்சம் துள்ளும் என்ற கருத்தில் ‘டெட் கேட் பவுன்ஸ்’ என்றும் சொல்வார்கள். 1985-இல் சிங்கப்பூர், மலேசியப் பங்குச் சந்தைகளைப் பற்றிய செய்தியில் அது அச்சேறியது. மருத்துவமனையிலும் ராலிக்கு இதே சாயல்: ‘ஷி ராலீட் ப்ரீஃப்லி’ என்றால் அம்மா கண் திறந்தார், இரண்டு வாய் கஞ்சி குடித்தார், பிறகு மறுபடி தளர்ந்தார். அணையப்போகும் விளக்கு சற்றுப் பிரகாசிப்பது என்று நாம் சொல்வோமே, அதைச் சொல்ல ஆங்கிலத்தில் கைக்கு வருவது இந்தச் சொல். முழுதாகக் குணமானவருக்கு இதைப் போட்டுவிடக் கூடாது.

ரிசிலியன்ஸ் ஒரு நிகழ்வு இல்லை

மேலே சொன்னவை எல்லாம் நடந்தவை. ரிசிலியன்ஸ் ஒரு தன்மை: அடியைத் தாங்கி மீளும் திறன். அடி விழுவதற்கு முன்பே இருக்கலாம், அடியே விழாமலும் இருக்கலாம். ‘பின்னோக்கித் துள்ளு’ என்ற பொருள் கொண்ட லத்தீன் வினையிலிருந்து வந்தது. பொறியியலில் அதற்குத் துல்லியமான அளவு உண்டு: நிரந்தரமாக வளையாமல் ஒரு பொருள் உள்வாங்கி, விட்டவுடன் திருப்பித் தரக்கூடிய ஆற்றல். வில்லுக்கு அது நிறைய வேண்டும். 1973-இல் சூழலியலாளர் சி. எஸ். ஹோலிங் இந்தச் சொல்லை ஏரி, காடு போன்றவற்றுக்குக் கொண்டுவந்தபோது கருத்து மாறியது. எவ்வளவு சீக்கிரம் பழைய புள்ளிக்குத் திரும்புகிறது என்பதைவிட, எவ்வளவு குலுக்கலைத் தாங்கியும் தன் இயல்பு கெடாமல் நிற்கிறது என்பதே முக்கியம் என்றார்.

கணினித் துறையில் எழுதுபவர்களுக்கு இந்த வேறுபாடு தினசரித் தேவை. ஒரு சர்வர் விழுந்தும் சேவை நிற்காமல் ஓடினால் ரிசிலியன்ஸ். சேவை நின்று, நாற்பது நிமிடத்தில் திரும்பக் கிளம்பினால் ரிகவரி. காப்புப் பிரதியிலிருந்து கோப்புகளைப் பழைய இடத்தில் வைத்தால் அது ‘ரிஸ்டோர்’. பிரதி இல்லாத வட்டிலிருந்து துண்டு துண்டாகத் தோண்டி எடுத்தால் ‘ரிகவர்’. ஒழுங்காக இருக்கும் கோப்பைத் தேடி எடுத்தால் வெறும் ‘ரிட்ரீவ்’. வாடிக்கையாளருக்கு எழுதும் விளக்கத்தில் ‘ரிஸ்டோர்ட்’ என்பதற்குப் பதில் ‘ரிகவர்ட்’ என்று போட்டால், காப்புப் பிரதியே இல்லையோ என்று அவருக்குச் சந்தேகம் வரும்.

ஆளைப் பற்றி ‘ரிசிலியன்ட்’ என்பது பாராட்டு. ஆனால் துன்பம் நடந்துகொண்டிருக்கும்போது அதைச் சொன்னால், ‘நீ தாங்குவாய், உனக்கு உதவி வேண்டாம்’ என்பதுபோலக் கேட்கும். தன்விவரக் குறிப்பிலும் இந்தச் சொல் தனியாக நின்றால் ஒன்றும் சொல்வதில்லை. எந்தத் திட்டம் நின்றது, எத்தனை வாரத்தில் திரும்ப ஓட்டினீர்கள் என்று எழுதிவிட்டால் சொல்லே வேண்டியதில்லை. உச்சரிப்பில் நடுவே வருவது ‘ரோஸ்’ என்பதன் இறுதியில் அதிரும் ஒலி. முன்னிடைச்சொல் ‘டு’: ‘ரிசிலியன்ட் டு ஷாக்ஸ்’. ‘ஃப்ரம்’ சேராது.

பேச்சு வழக்குத் தொடர்கள்

இவற்றில் ஒவ்வொன்றும் நோயின் ஒரு கட்டத்தைக் குறிக்கிறது. ‘டர்ன்ட் த கார்னர்’: கண்டம் தாண்டிவிட்டது, இனி இறங்குமுகம் இல்லை. ‘புல்ட் த்ரூ’: பிழைத்துக்கொண்டார். உயிருக்கே ஆபத்து இருந்திருந்தால்தான் இது வரும், சளிக்கு வராது. ‘ஆன் த மெண்ட்’: தேறி வருகிறார், நண்பருக்கும் சக ஊழியருக்கும் இதமான பதில். ‘பேக் ஆன் ஹிஸ் ஃபீட்’: எழுந்து நடமாடுகிறார், அல்லது தொழில் நொடித்தவர் மறுபடி காலூன்றிவிட்டார்.

‘கெட் ஓவர்’ இருமுனைக் கத்தி. ‘ஐ காட் ஓவர் த ஃப்ளூ’ சாதாரணம். ‘கெட் ஓவர் இட்’ என்று எதிரில் இருப்பவரிடம் சொன்னால் ‘போதும், விட்டுத் தொலை’ என்ற அதட்டல். ‘ஸ்னாப் அவுட் ஆஃப் இட்’டும் அப்படியே, மனச்சோர்வில் இருப்பவரிடம் சொல்லவே கூடாதது. உறவை இழந்தவருக்கு எழுதும்போது மீட்சியைக் குறிக்கும் எந்த வினையும் வேண்டாம். ‘டேக் ஆல் த டைம் யூ நீட்’ போதும்.

மருத்துவமனைத் தாளும் விடுப்புக் கடிதமும்

டிஸ்சார்ஜ் தாளில் ‘அன்ஈவன்ட்ஃபுல் ரிகவரி’ என்று இருந்தால் கவலைப்பட ஒன்றுமில்லை. சிக்கல் எதுவும் நேராமல் தேறினார் என்று அர்த்தம். ‘ஸ்டேபிள்’ என்பது குணமானதைச் சொல்வதில்லை, நிலைமை மாறாமல் இருக்கிறது என்பதையே சொல்கிறது. ‘கிரிட்டிக்கல் பட் ஸ்டேபிள்’ என்று ஒரே மூச்சில் சொல்ல முடிவது அதனால்தான். மருந்தின் பக்கவிளைவைப் பதியும் படிவங்களில் ‘ரிகவர்ட்’, ‘ரிகவரிங்’, ‘நாட் ரிகவர்ட்’ என்று தனித்தனிக் கட்டங்கள் இருக்கும். ‘ரிகவர்ட் வித் சிக்வீலி’ என்றும் ஒன்று உண்டு. நோய் போனது, ஆனால் காது மந்தம், கைத்தளர்ச்சி போன்ற ஏதோ ஒன்றை விட்டுவிட்டுப் போனது என்று பொருள். அந்தக் கட்டத்தை விட்டு வெறும் ‘ரிகவர்ட்’டில் குறியிட்டால் மிச்சமிருக்கும் பாதிப்பு பதிவிலிருந்தே மறைந்துவிடும்.

விடுப்புக் கடிதத்துக்கு வந்தால், அறுவைச் சிகிச்சைக்குப் பின் ‘ஐ ஆம் ரெக்கூப்பரேட்டிங் அட் ஹோம் அண்ட் எக்ஸ்பெக்ட் டு பி பேக் அட் வொர்க் ஆன் மண்டே’ என்பது அளவான வாக்கியம். காய்ச்சல் விட்டும் அசதி போகாத நாளில் ‘ஐ ஆம் ரிகவரிங், பட் ஸ்டில் வீக்’ என்று எழுதுங்கள். ‘ஐ ஹேவ் ரிகவர்ட்’ என்பதை வேலைக்குத் திரும்பும் நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதை ஒருநாள் முன்னதாக அனுப்பிவிட்டு மறுநாளும் விடுப்புக் கேட்டால், மேலாளர் ஏன் என்று கேட்பார். அப்போது தேவைப்படும் சொல் ‘ரிலாப்ஸ்’, அதாவது தேறிய நோய் மறுபடி திரும்புவது; அதற்கு மருத்துவச் சான்று கேட்பார்கள்.